சாவித்திரிபாய் புலே

மராட்டிய மாநிலம் சாத்தாரா மாவட்டத்திலுள்ள நைகாவ் என்னும் சிற்றூரில் 1831 ஆம் ஆண்டு ஜனவரி 3 ஆம் நாள் சாவித்திரிபாய் பிறந்தார். ஒன்பது வயதில் புனேயைச் சேர்ந்த ஜோதிராவ் புலேவுக்கு அவரை மணம் செய்துவைத்தனர். அப்போது அவருக்கு எழுத்தறிவு இல்லை. பெண்கள் ஏட்டைத் தொடுவதே தகாது எனக் கருதப்பட்ட காலம் அது. கணவரே அவருக்கு எழுத்தறிவித்தார்.

எழுதப் படிக்கத் தெரிந்தவரெல்லாம் ஆசிரியர் ஆகிவிட முடியாது. அகமதுநகரில் சிந்தியா ஃபாரார் என்னும் அமெரிக்கப் பெண்மணியிடமும், புனேயிலிருந்த ஆசிரியர் பயிற்சிப் பள்ளியிலும் சாவித்திரிபாய் கற்பிக்கும் முறையைப் பயின்றார். 1848 இல் புனேயின் பிடேவாடாவில் பெண்களுக்கான பள்ளி தொடங்கியபோது அவருக்கு வயது பதினேழு. வாடா என்பது முற்றம் வைத்துக் கட்டிய பெரிய வீட்டிற்கு மராட்டியர் வழங்கும் பெயர்.

பள்ளிக்குச் செல்லும் வழியில் அவர்மீது சேற்றையும் சாணத்தையும் வீசினர். அவரோ மாற்றுப் புடைவை ஒன்றைக் கையோடு எடுத்துச் சென்று, பள்ளியில் அதை உடுத்திக்கொண்டு பாடம் நடத்தினார். ஊராரின் நெருக்குதலால் மாமனார் இருவரையும் வீட்டைவிட்டு வெளியேறச் செய்தார். உஸ்மான் ஷேக் என்னும் நண்பர் தம் வீட்டில் இடமளித்தார். அக்குடும்பத்துப் பாத்திமா ஷேக் சாவித்திரிபாயின் துணையாசிரியர் ஆனார்.

1851 ஜூலையில் சிப்ளுண்கர் வாடாவில் தொடங்கிய பள்ளிக்கு முதலில் வந்தவர்கள் எட்டுச் சிறுமியரே. வாசிப்பு, இலக்கணம், கணக்கு, வரலாறு, புவியியல் ஆகியவற்றோடு நிலப்படம் பார்க்கவும் அங்குக் கற்பிக்கப்பட்டது. பள்ளியைத் திறப்பதைவிட, வந்த பிள்ளையை நிற்காமல் வரச்செய்வதே கடினம். வறுமையால் இடைநிற்கும் பிள்ளைகளுக்கு உதவித்தொகை அளித்தும், பெற்றோரைச் சந்தித்துப் பேசியும் சாவித்திரிபாய் அவர்களைப் பள்ளியில் நிலைக்கச் செய்தார் என்பர். மாணவியர் எண்ணிக்கை பெருகியது. மேலும் இரு பெண்கள் பள்ளிகள் எழுந்தன. 1852 இல் விசிராம்பாக் வாடாவில் நடந்த விழாவில் அரசின் சார்பில் ஜோதிராவுக்குச் சால்வை அணிவித்தனர். அப்பெருமையில் வகுப்பறையில் நின்று பாடம் நடத்திய ஆசிரியைகளுக்கும் பங்குண்டு.

முக்தா சால்வே என்னும் மாணவி, தீண்டாமைக்கு ஆளான தம் மக்களின் துயரத்தைக் கட்டுரையாக எழுதினார். 1855 இல் ஞானோதயா இதழ் அதனை வெளியிட்டது. அப்போது முக்தாவுக்கு வயது பதினான்கு. அரசின் சால்வையைவிட இக்கட்டுரையே அப்பள்ளிக்குச் சிறந்த சான்று.

1856 இல் சாவித்திரிபாய் நோயுற்றுப் பிறந்த ஊரில் தங்க நேர்ந்தது. அங்கிருந்து கணவருக்கு எழுதிய மடலில், தாம் இல்லாமையால் பாத்திமாவுக்கு வேலை மிகுந்திருக்குமே என வருந்தினார். பள்ளிப் பணி ஒருவர் சுமப்பதன்று என்பதை அவர் அறிந்திருந்தார்.

பின்னாளில் அவர் கைவிடப்பட்ட விதவைகளுக்கு அடைக்கலம் அளித்தார். அவர்களுள் ஒருவரின் மகனான யஷ்வந்தைத் தத்தெடுத்து மருத்துவராக்கினார். 1890 இல் ஜோதிராவ் மறைந்த பின்னர் சத்தியசோதக் சமாஜத்தின் பணிகளையும் ஏற்று நடத்தினார்.

1897 இல் புனேயைக் கொள்ளைநோய் தாக்கியது. ஊருக்கு வெளியே, ஹடப்சர் பக்கம் யஷ்வந்த் மருத்துவ விடுதி அமைத்தார். இன்று அடுக்ககங்கள் நிறைந்த மகர்பட்டா அந்த ஹடப்சரைச் சேர்ந்ததே. அன்று அது வயல்வெளி. அருகிலுள்ள முண்ட்வாவில் ஒடுக்கப்பட்டோர் குடியிருப்பில் ஒரு சிறுவன் நோயால் கிடப்பதைக் கேள்வியுற்ற சாவித்திரிபாய், அறுபத்தாறு வயதில் அவனைத் தம் முதுகில் சுமந்து விடுதிக்குக் கொண்டுவந்தார். நோய் அவரையும் பற்றியது. அவ்வாண்டு மார்ச் 10 ஆம் நாள் சாவித்திரிபாய் காலமானார்.