திருவாவடுதுறை இராஜரத்தினம்பிள்ளை (1898 – 1956)

மாணவர்களே, உடுப்பிட்டிக் கோயில்களில் திருவிழாக் காலத்தில் சுவாமி வீதியுலா வரும்போது முன்னே நாதஸ்வரமும் தவிலும் செல்வதைக் கண்டிருப்பீர்கள். இன்று பெரும்பாலும் வாசிக்கப்படும் நீண்ட நாதஸ்வரத்துக்குப் பாரி என்று பெயர். அது பரவக் காரணமானவரே இராஜரத்தினம்பிள்ளை.

இவர் 1898 ஆம் ஆண்டு தமிழ்நாட்டுத் திருமருகலிற் பிறந்தார். முதலில் வாய்ப்பாட்டுப் பயின்று, பின்னரே நாதஸ்வரத்துக்கு வந்தார். இதனை மறக்கவேண்டாம், பின்னர் செய்தவற்றுக்கு வேர் இதுவே.

அக்காலத்தில் வழங்கியது திமிரி. அது குட்டையானது, சுருதி உயர்ந்தது. ஒலிபெருக்கி இல்லாத நாளில் வீதியெங்கும் கேட்க அது உதவியது. ஆனால் சுத்த மத்திமம் அதில் இலகுவில் அமையாது. பாடகர் குரலைப் போன்ற தாழ்ந்த ஓசையை இவர் விரும்பினார். நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி ஆச்சா மரத்திற் கடைந்து அதனை உருவாக்கிக் கொடுத்தார். ஒத்துக்குப் பதிலாகத் தம்புராவையும் இவர் பயன்படுத்தினார்.

மாற்றம் ஓசையோடு நிற்கவில்லை. மேளகாரர் இரவிரவாக நின்றும் நடந்தும் வாசிப்பர். கிடைப்பதோ கோயில் மானியமும் சிறுதொகையும். அத்தொகையிலும் தவில், தாளம், சுருதிக்காரர் யாவருக்கும் பங்குண்டு. பாடகரோ மேடையில் அமர்ந்து நல்ல சன்மானம் பெற்றார். மேடைக்கேற்ற ஓசையைத் தந்த கலைஞர், மேடையையும் அதற்குரிய ஊதியத்தையும் கேட்டதில் என்ன தவறு? இவர் அமர்ந்தே கச்சேரி செய்தார், குடுமியை நீக்கிக் கிராப் வைத்தார், பட்டுச் சட்டை அணிந்து காரிற் சென்றார், பெருந்தொகை கேட்டார். தலைக்கனம் என்றனர் பலர். அது கொஞ்சம் இருக்கவும் செய்தது. ஒப்புக்கொண்ட கச்சேரிக்குப் போகாமல் விட்டதும் உண்டு. ஆயினும் ஒருவர் துணிந்து கேட்டபின், மற்றவர்களுக்கும் வாய் திறப்பது இலகுவாயிற்று.

வினாத்தாளில் இவரது பங்களிப்பைக் கேட்டால், தோடி இராக ஆலாபனையை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். பாரி நாதஸ்வரத்தையும் மேளகாரரின் மதிப்பை உயர்த்தியதையும் சேர்த்தெழுதுங்கள்.

1940 இல் காளமேகம் திரைப்படத்தில் நடித்தார். 1947 ஆகஸ்ட் 14 ஆம் திகதி, இந்திய சுதந்திரத்தையொட்டி டெல்லியில் வாசித்தார். அவ்வளவு சம்பாதித்தும் கையிற் சேமிப்பு இல்லாமலே, 1956 டிசெம்பர் 12 இல் சென்னையிற் காலமானார். அவரது தோடி இசைத்தட்டில் இருக்கிறது, தேடிக் கேளுங்கள்.