பேராசிரியர் மகலனோபிசு

அந்நாளில் கல்கத்தா என வழங்கிய மாநகரில் 1893ஆம் ஆண்டு சூன் 29ஆம் நாள் பிரசாந்த சந்திர மகலனோபிசு பிறந்தார். இங்கிலாந்து சென்று கேம்பிரிட்சில் இயற்பியல் பயின்று தேர்ந்தார். 1915இல் தாயகம் திரும்ப இருந்த வேளையில், உலகப் போரின் காரணமாகக் கப்பல் புறப்படுவது தாமதமாயிற்று. அவ்விடைக்காலத்தில் கல்லூரி ஆசிரியர் ஒருவர் 'பயோமெட்ரிக்கா' என்னும் இதழின் தொகுதிகளை அவருக்குக் காட்டினார். அவற்றை விலைகொடுத்து வாங்கிக் கப்பலிலேயே படிக்கலானார். இயற்பியல் கற்கச் சென்றவர் புள்ளியியலோடு மீண்டார்!

அவ்விதழை நடத்திய கார்ல் பியர்சனே 1900இல் கை வர்க்கச் சோதனையை வகுத்தவர். 'கை' என்பது ஈண்டு ஒரு கிரேக்க எழுத்தின் பெயர், நம் கையன்று. அச்சோதனை யாதெனக் காண்போம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் இரண்டிலிருந்து நூறு நூறு கொலுசுகளை எடுத்துப் பார்ப்பதாகக் கொள்வோம். ஒன்றில் 10, மற்றொன்றில் 14 கொலுசுகள் பழுதுடையன. இரண்டாம் பட்டறையாரைக் குறைகூறலாமா? இருவர் திறமும் ஒன்றேயெனின் பட்டறைக்குப் 12 பழுதும் 88 நல்லனவும் எதிர்பார்க்கலாம். கண்ட எண்ணுக்கும் எதிர்பார்த்த எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டை வர்க்கித்து, எதிர்பார்த்த எண்ணால் வகுத்து, நான்கு ஈவுகளையும் கூட்டுக. தொகை ஏறத்தாழ 0.76. இத்தகைய கணக்கிற்கு 3.84 என்பதே வழக்கமான எல்லை. ஆகவே இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம், பழிகூற இடமில்லை. பழுது 6, 18 என இருப்பின் தொகை 6.82 ஆகும். அப்பொழுது காரணம் தேடத்தான் வேண்டும்.

தற்செயலா, காரணமுடையதா என்னும் இவ்வினாவோடுதான் மகலனோபிசு ஆற்றங்கரையையும் அணுகினார். கையாண்ட கணக்கு முறை மட்டும் வேறு. 1926இல் ஒரிசாவின் பிராமணி ஆற்றில் பெருவெள்ளம் புகுந்து ஊர்களைப் பாழாக்கியது. ஆற்றுப்படுகை மேடிட்டதே காரணமென்றும், கரைகளை உயர்த்த வேண்டுமென்றும் பொறியாளர் கருதினர். மகலனோபிசோ ஏறத்தாழ அறுபது ஆண்டுக் கணக்குகளை ஆராய்ந்து, படுகை உயரவேயில்லை எனக் காட்டினார். மேல்நிலத்தில் பெய்த மிகுமழையே வெள்ளத்திற்குக் காரணம். ஆதலின் நீரை மேலேயே தேக்குக என்றார். கரையை உயர்த்தியிருந்தால் செலவு மிகுந்திருக்கும். வெள்ளத்தின் காரணமோ அப்படியே இருந்திருக்கும்.

மாநிலக் கல்லூரியில் தம் அறையில் அவர் தொடங்கிய சிறு ஆய்வுக்கூடமே 1931இல் இந்தியப் புள்ளியியல் கழகமாக வளர்ந்தது. 1972ஆம் ஆண்டு சூன் 28ஆம் நாள், தம் எழுபத்தொன்பதாம் பிறந்தநாளுக்கு முதல்நாள், அவர் மறைந்தார்.