கப்பல் கவிழுமா, கவிழாதா? கம்ப்யூட்டர் வரும் முன்பே கணக்கு போட்ட பியர் பூகேர்!

வீட்டிலேயே ஒரு சின்ன சோதனை செய்து பாருங்க. வாளித் தண்ணீரில் ஒரு காலி டபராவையும், ஒரு காலி டம்ளரையும் மிதக்க விடுங்க. டபரா ஆடினாலும் நிமிர்ந்து நிற்கும். டம்ளர் சாய்ந்துவிடும். இரண்டும் எவர்சில்வர்தான், அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்?

மணப்பாறை வீட்டு வாளியா இருந்தாலும், தூத்துக்குடி துறைமுகத்தில் நிற்கும் கப்பலா இருந்தாலும் காரணம் ஒன்றுதான். அதைக் கணக்காக எழுதிக் கொடுத்தவர் பிரான்ஸ் நாட்டின் பியர் பூகேர்.

யார் இந்த பூகேர்?

1698-ல் பிரான்ஸின் கடலோர ஊரான லெ க்ரோசிக்கில் பிறந்தவர். அப்பா கப்பல் ஓட்டும் கலை சொல்லிக் கொடுக்கும் பேராசிரியர். 1714-ல் அப்பா இறந்தபோது பூகேர் டீன்-ஏஜ் பையன்தான். ஆனாலும் அப்பாவின் வேலை அவருக்கே கிடைத்தது. 1727-ல் பாய்மரங்களை எப்படி அமைப்பது என்ற போட்டியில் பாரிஸ் அறிவியல் கழகத்தின் பரிசை வென்றார். அதில் அவருக்கு அடுத்த இடத்துக்கு வந்தவர் யார் தெரியுமா? பின்னாளில் கணித மேதையாகக் கொண்டாடப்பட்ட ஆய்லர்!

அப்போது என்ன பிரச்சனை?

அந்தக் காலத்தில் அனுபவத்தையும் கண் மதிப்பையும் நம்பித்தான் கப்பல் கட்டினார்கள். தப்பு இருந்தால் தண்ணீரில் இறக்கிய பிறகுதான் தெரியும். 1628-ல் ஸ்வீடனின் புத்தம்புது போர்க்கப்பல் வாசா, முதல் பயணத்தில் சுமார் 1,300 மீட்டர் போவதற்குள் காற்றில் சாய்ந்து மூழ்கியது. சுமார் 30 பேர் இறந்தார்கள்.

மலையில் பிறந்த கப்பல் புத்தகம்

1735-ல் பூமியின் வடிவத்தை அளக்க தென் அமெரிக்கா போன குழுவில் பூகேரும் இருந்தார். இன்றைய ஈக்வடார் நாட்டு மலைகளில் குளிர், நோய், கூட வந்தவர்களோடு சண்டை என்று பல ஆண்டுகள் ஓடின. அதற்கு நடுவிலும் கப்பல் பற்றிய புத்தகத்தை எழுதிக்கொண்டே இருந்தார். 1744-ல் பிரான்ஸ் திரும்பினார். 1746-ல் புத்தகம் வெளியானது.

அப்படி என்ன கண்டுபிடித்தார்?

கப்பலின் மொத்த எடையும் ஈர்ப்பு மையம் என்ற புள்ளி வழியாகக் கீழே இழுக்கும். தண்ணீர் மேலே தள்ளும் விசை, மிதப்பு மையம் என்ற புள்ளி வழியாக வரும். தண்ணீருக்குள் இருக்கும் பகுதியின் நடுப்புள்ளிதான் இந்த மிதப்பு மையம். கப்பல் சாய்ந்தால், மூழ்கிய பகுதியின் வடிவம் மாறும். மிதப்பு மையமும் நகரும்.

லேசாகச் சாய்ந்த கப்பலில் அந்தப் புதிய மையத்திலிருந்து செங்குத்தாக மேலே ஒரு கோடு போடுங்க. அது கப்பலின் நடுக்கோட்டை வெட்டும் இடத்துக்கு பூகேர் வைத்த பெயர் மெட்டாசென்டர். ஈர்ப்பு மையம் இதற்குக் கீழே இருந்தால் கப்பல் நிமிரும். மேலே இருந்தால் கவிழும். அவ்வளவுதான்!

வளைந்த கப்பலில் இந்த மையத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? ரொட்டியை வெட்டுவது போல கப்பலைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றின் பரப்பையும் அளந்து கூட்டினார்.

இன்றைய கம்ப்யூட்டரும் இதைத்தான் செய்கிறது

இன்று கம்ப்யூட்டரில் வரைந்த கப்பலை மென்பொருள் முதலில் நீர்மட்டத்தில் வெட்டும். கீழ்ப்பகுதியை மட்டும் சின்னச் சின்னத் துண்டுகளாக்கிக் கூட்டி, நொடியில் மிதப்பு மையத்தைச் சொல்லிவிடும். இங்கே புதியவர்கள் செய்யும் தப்பு, முழு மாடலின் மையத்தையே மிதப்பு மையம் என்று எடுத்துக்கொள்வது. இன்னொன்று, எஞ்சின், சரக்கு எடையைத் தப்பாகக் கொடுப்பது. எடை தப்பானால் ஈர்ப்பு மையமும் தப்பாகும். வரைபடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் கப்பலைக் காப்பாற்றாது.

சரி, டபரா ஏன் சாயவில்லை?

அகலம்தான் காரணம். பெட்டி வடிவப் படகில், மூழ்கும் ஆழம் மாறாமல் அகலத்தை 2 மடங்காக்கினால், மிதப்பு மையத்துக்கு மேலே மெட்டாசென்டர் இருக்கும் உயரம் 4 மடங்காகிவிடும். அகலமான டபரா நிற்பதும் ஒல்லியான டம்ளர் விழுவதும் இதனால்தான்.

1758-ல் பாரிஸில் பூகேர் காலமானார். சென்னை ஐ.ஐ.டி.யின் கடல் பொறியியல் மாணவர்கள் முதல் உலகெங்கும் கப்பல் வடிவமைப்பவர்கள் வரை, இன்றும் தண்ணீரில் இறக்கும் முன்பே பார்ப்பது அவர் சொன்ன அந்தப் புள்ளியைத்தான்.