நிறைகுடம் அட்லி

நிறைகுடம் தளும்பாது என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. அதற்குச் சான்றாய் வாழ்ந்த அயல்நாட்டுப் பெருமகனார் ஒருவரின் வரலாற்றை இம்மலரின் வாயிலாக நம் சங்கக் குடும்பங்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றோம். இங்கிலாந்தின் பிரதம மந்திரியாய் விளங்கிய கிளெமெண்ட் அட்லியே அவர்.

1883ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 3ஆம் நாள், இலண்டனில் வழக்கறிஞர் ஒருவரின் வசதி மிக்க குடும்பத்தில் அட்லி தோன்றினார்; ஆக்ஸ்போர்டில் பயின்று பாரிஸ்டரானார். 1905இல் கிழக்கு இலண்டனின் லைம்ஹவுஸ் பகுதியில் ஏழைச் சிறுவர் கழகமொன்றைக் காணச் சென்றவர், பின்னர் அப்பகுதியிலேயே தங்கித் தொண்டாற்றினார். தனியார் தருமத்தால் தீராத அவ்வறுமையைச் சட்டத்தாலேயே தீர்க்க இயலும் எனத் தெளிந்து, தொழிலாளர் இயக்கத்தில் சேர்ந்தார். முதல் உலகப் போரில் காலிப்போலியில் போரிட்டார், மெசப்பொட்டேமியாவில் காயமுற்றார். 1922இல் லைம்ஹவுஸ் மக்கள் அவரைப் பார்லிமெண்டுக்கு அனுப்பினர்.

நம் நாட்டுடன் அவர் கொண்ட தொடர்பு கசப்பில் தொடங்கிற்று. இந்தியர் ஒருவரும் இடம்பெறாத சைமன் கமிஷன் 1928இல் வந்தபோது நாடெங்கும் கறுப்புக் கொடிகள் உயர்ந்தன. அக்கமிஷனின் உறுப்பினருள் அட்லியும் ஒருவர். அவரது அரசாங்கமே 1947 ஆகஸ்டு 15இல் நம்மிடம் ஆட்சியை ஒப்படைத்தது. பிரிவினைத் துயருக்கு அவ்வரசின் அவசரமும் காரணம் என்பாரும் உளர்.

இரண்டாம் உலகப் போரில் சர்ச்சிலின் கீழ்த் துணைப் பிரதமராய் இருந்த அட்லி, 1945 தேர்தலில் அவரையே வென்றார். தொழிற்கட்சிக்கு 393 இடங்கள் கிடைத்தன. நிலக்கரிச் சுரங்கங்களும் இரயில்வேயும் அரசுடைமை ஆயின. 1948 ஜூலை 5இல் எல்லார்க்கும் இலவச மருத்துவம் அளிக்கும் தேசியத் திட்டம் தொடங்கிற்று.

1950 பிப்ரவரியில் மீண்டும் தேர்தல் வந்தது. மனைவியார் கார் ஓட்ட, அருகிலமர்ந்து ஊர் ஊராய்ச் சென்று அவர் வாக்குக் கேட்டார். 625 இடங்களில் தொழிற்கட்சி பெற்றவை 315, பெரும்பான்மை ஐந்தே! நோயுற்ற உறுப்பினரையும் வாக்களிக்க அழைத்துவர வேண்டியதாயிற்று. கொரியப் போரால் இராணுவச் செலவு பெருகவே, மூக்குக் கண்ணாடிக்கும் பொய்ப்பற்களுக்கும் கட்டணம் விதிக்க நேர்ந்தது. மருத்துவத் திட்டத்தின் சிற்பியான பெவன் அதைப் பொறாது பதவி துறந்தார்.

1951 அக்டோபர்த் தேர்தலின் முடிவு விந்தையானது. அட்லியின் கட்சி பெற்ற வாக்குகள் ஏறத்தாழ 1 கோடியே 39 லட்சம். சர்ச்சில் அணியினர் பெற்றவை 1 கோடியே 37 லட்சம். ஆயினும் சர்ச்சில் அணிக்கு 321 இடங்கள், தொழிற்கட்சிக்கு 295! தொழிலாளர் செறிந்த தொகுதிகளில் அதன் வாக்குகள் அளவுக்கு மிஞ்சிக் குவிந்ததும், லிபரல் வேட்பாளர் பெரிதும் குறைந்ததும் இதற்குக் காரணங்கள். நாட்டின் விதியை ஏற்று, அட்லி உடனே பதவி விலகினார்.

வென்ற சர்ச்சிலோ எஃகுத் தொழிலையும் லாரிப் போக்குவரத்தையும் தனியார்க்குத் திருப்பினாரேயன்றி, மருத்துவத் திட்டத்தையும் சுரங்கங்களையும் இரயில்வேயையும் அவ்வாறே விட்டுவைத்தார். 1979இல் தாட்சர் அம்மையார் வரும் வரை, ஆட்சிகள் மாறியும் இந்த அடிப்படை பெரிதும் மாறவில்லை. மருத்துவத் திட்டம் இன்றும் நிலவுகிறது.

1967 அக்டோபர் 8இல் அட்லி மறைந்தார். தாம் தோற்ற பின்னும் தம் பணியை மாற்றாரே காத்து நிற்கக் கண்ட தலைவர் உலகில் மிகச் சிலரே. அவருள் ஒருவராக அட்லியை நாம் போற்றுவோமாக.