உறவுகளை ஆராய்ந்த இராவதி கார்வே

1905-இல் பர்மாவில் பிறந்து, ஐராவதி நதியின் பெயரைப் பெற்றவர் இராவதி கார்வே அம்மையார். ஏழு வயதில் கல்விக்காகப் பூனா வந்தார்; பராஞ்சபே குடும்பத்தில் மகள்போல் வளர்ந்தார். பெர்லினில் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பி, 1939 முதல் டெக்கான் கல்லூரியில் பணியாற்றினார். இந்திய உறவுமுறை பற்றிய அவரது நூல் 1953-இல் வெளிவந்தது.

அத்தை மகளை மணக்கும் நம் வழக்கத்தை வடநாட்டுத் தோழர்கள் கேலி செய்வதுண்டு. இரசாயனம் பயிலும் எனக்கு விடையளித்தது அந்நூலே. வடக்கே பெரும்பாலும் மணப்பெண் அறியாத ஊருக்குப் போகிறாள். தெற்கே அறிந்த வீட்டிற்கே போவதுண்டு. நமக்குத் தந்தையின் தங்கையும் அத்தை, மாமியாரும் அத்தை. குடும்பத்திற்கு ஒரே இலக்கணம் இல்லை.

அம்மையார் 1970-இல் மறைந்தார். நண்பர்களே, கேலிக்குச் சினம் வேண்டாம். அவர்கள் வீட்டில் யாரை எப்படி அழைக்கிறார்கள் என்று கேளுங்கள்.