மாத்திரை மாற்றியதும் மாற்றாததும்: மைக்கேல் டில்லன் கதை

போன செமஸ்டர் கடைசிப் பரீட்சை முடிஞ்ச அன்னைக்கு, காரைக்குடி புது பஸ் ஸ்டாண்டு பக்கத்துல டீ குடிச்சிட்டு நின்னப்போ நண்பன் ஒருத்தன் திடீர்னு கேட்டான். ஹார்மோன் எடுத்தே ஆகணுமாடான்னு. அவன் ஒரு திருநம்பி. எங்க செட்டுல நாலஞ்சு பேருக்குத்தான் தெரியும். வீட்டுக்கு அவன் இன்னும் மகள்தான். மீசை, தாடி இல்லாம நீ என்னடா ஆம்பளைன்னு ஒரு பக்கம் கேட்கிறாங்களாம். ஊசி போட்டா உடம்பே போயிடும்னு இன்னொரு பக்கம் பயமுறுத்துறாங்களாம். இதுல ஒரு சிக்கல், அவன் நல்லா பாடுவான்.

எனக்குப் பதில் தெரியலை. தெரிஞ்சுக்கலாம்னு படிக்க ஆரம்பிச்சப்போதான் மைக்கேல் டில்லன் கிடைச்சார். பெண்ணாகப் பிறந்தவர்னு எழுதப்பட்டு, ஆணாக மாற டெஸ்டோஸ்டிரோன் எடுத்துக்கிட்ட முதல் மனிதர்னு மருத்துவ வரலாறு சொல்றது இவரைத்தான். பிறந்தது லண்டன். இறந்தது நம்ம இந்தியாவுல. பேர் போடாம எழுதிக்கோன்னு நண்பன் சொன்ன பிறகுதான் இதை எழுதுறேன்.

படகும் பாவாடையும்

டில்லன் பிறந்தது 1915 மே 1. அயர்லாந்தில் பட்டமும் நிலமும் உள்ள பிரபு குடும்பம். பிறந்த கொஞ்ச நாளிலேயே அம்மா இறந்துட்டாங்க. அண்ணனையும் இவரையும் வளர்த்தது ஃபோக்ஸ்டோன் என்கிற கடற்கரை ஊர்ல இருந்த இரண்டு அத்தைகள். 1925ல் அப்பாவும் போக, பட்டம் அண்ணனுக்கு வந்தது.

படிச்சது ஆக்ஸ்ஃபோர்டில், பெண்களுக்கான கல்லூரியில். படகு ஓட்டுறதுல கெட்டிக்காரர். பெண்கள் படகுக் குழுவுக்குத் தலைவராகவும் இருந்தார். எல்லாரும் இவரைப் பெண்ணாகத்தான் பார்த்தாங்க. உள்ளுக்குள்ள அது எப்பவும் பொருந்தலை. அந்தக் காலத்துல இந்த உணர்வுக்கு ஒரு சரியான பேர்கூட புழக்கத்துல இல்லை. 1938ல் பட்டம் வாங்கிட்டு ஒரு ஆய்வுக்கூடத்துல வேலைக்குச் சேர்ந்தார்.

இங்கே கொஞ்சம் வேதியியல். டெஸ்டோஸ்டிரோனைப் பிரித்தெடுத்ததும் ஆய்வகத்தில் செயற்கையாகத் தயாரித்ததும் 1935ல்தான். அந்த வேலையோடு சேர்ந்த புட்டெனாண்ட், ருசிக்கா ரெண்டு பேருக்கும் 1939ல் வேதியியல் நோபல் அறிவிச்சாங்க. அதே 1939லதான் டில்லன் ஒரு டாக்டரைத் தேடிப் போனார். அந்த டாக்டர் அப்போ பெண்களின் அதிக ரத்தப்போக்குக்கு டெஸ்டோஸ்டிரோனைக் கொடுத்துப் பார்த்துக்கிட்டிருந்தார். முதல்ல மனநல மருத்துவரைப் பார்த்துட்டு வான்னு அனுப்பினார். அந்த மனநல மருத்துவரோ, ரகசியமா வைக்க வேண்டியதை வெளியில பேசிட்டார். விஷயம் வேலை பார்த்த இடம் வரைக்கும் வந்து, கேலி தாங்க முடியாம டில்லன் ஊரைவிட்டே கிளம்பினார். கையில் மாத்திரை மட்டும் இருந்தது.

கராஜில் கிடைத்த ஒரு சொல்

போய்ச் சேர்ந்தது பிரிஸ்டல் நகரத்துல ஒரு கார் கராஜ். ஆக்ஸ்ஃபோர்டு பட்டதாரிக்குக் கிடைச்சது எடுபிடி வேலை. பிறகு பழுதான வண்டிகளை இழுத்துக்கிட்டு வர்ற வண்டிக்கு டிரைவர். உலகப் போர் நடந்துக்கிட்டிருந்தது. குண்டு விழுற ராத்திரிகளில் தீப்பிடிக்குதான்னு காவல் இருந்ததும் இவர்தான்.

இந்தக் காலத்துலதான் மாத்திரை தன் வேலையைச் செய்தது. குரல் உடைஞ்சது. முகத்துல முடி வந்தது. பழைய கதை தெரியாத ஆட்கள் சந்தேகமே இல்லாம ஆணாகப் பார்க்க ஆரம்பிச்சாங்க. தெரிஞ்ச ஆட்களும் அப்படியே பேசணும்னு கராஜ் மேனேஜர் கண்டிப்பா சொல்லிட்டார். தமிழ்ல நமக்கு அவர்னு சொல்லித் தப்பிச்சுக்க இடம் இருக்கு. ஆனா ஹாஸ்டல்ல ஒருத்தனை வாடான்னு கூப்பிடுறதா வாடின்னு கூப்பிடுறதான்னு வரும்போது நமக்கும் அதே சோதனைதான். டில்லனுக்கு அந்த ஒரு சொல் கிடைச்சதுல பாதி ஹார்மோனால, பாதி அந்த மேனேஜரால.

ஹார்மோன் எல்லாத்தையும் செய்யலைங்கிறதையும் கவனிக்கணும். மார்பு அப்படியேதான் இருந்தது. ரத்தத்துல சர்க்கரை குறைஞ்சு மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில கிடந்தப்போ, ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் இவரைக் கவனிச்சார். 1942ல் மார்பு நீக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. பிறப்புச் சான்றிதழை மாத்திக்கத் தேவையான டாக்டர் சீட்டும் அவர்தான் கொடுத்தார். 1944ல் சான்றிதழ்ல லாரன்ஸ் மைக்கேல் டில்லன்னு பேர் வந்தது.

அந்த சர்ஜன் கைகாட்டினது ஹெரால்டு கில்லீஸை. முதல் உலகப் போரில் முகம் சிதைஞ்ச சிப்பாய்களுக்கு முகத்தைத் திருப்பிக் கொடுத்து பேர் வாங்கியவர். தோலை முழுசா வெட்டி எடுக்காம, முனைகள் உடம்போட ஒட்டியிருக்கிறபடியே குழாய் மாதிரி சுருட்டி, ரத்த ஓட்டம் அறாம வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோறது அவரோட முறை. 1946லிருந்து 1949 வரைக்கும் குறைஞ்சது 13 அறுவை சிகிச்சைகள். வெளியே தெரியக் கூடாதுன்னு, பிறவிக் குறைபாட்டைச் சரிசெய்றதாத்தான் பதிவேட்டுல எழுதினாங்க.

இத்தனைக்கும் நடுவுல டில்லன் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில மருத்துவம் படிச்சுக்கிட்டிருந்தார்! லீவு விட்டா ஆபரேஷன், கல்லூரி திறந்தா வகுப்பு. அங்கேயும் படகு ஓட்டினார், இந்தத் தடவை ஆண்கள் குழுவில். 1946ல் நாளமில்லாச் சுரப்பிகளையும் அறத்தையும் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். மனசை உடம்புக்கு ஏத்த மாதிரி மாத்த முடியலைன்னா உடம்பை மனசுக்கு ஏத்த மாதிரி மாத்துறதுதான் நியாயம்ங்கிறது அதோட சாரம். அது தன் சொந்தக் கதைன்னு ஒரு இடத்துலகூடச் சொல்லலை. 1951ல் டாக்டர் ஆனார்.

இரண்டு புத்தகம், இரண்டு பேர்

நம்ம செட்டிநாட்டுல நகரத்தார் வீடுகளில் கல்யாணம் ஆனதும் கோயில்ல புள்ளியாகச் சேர்ப்பாங்க. ஒன்பது கோயில்ல எந்தக் கோயில், எந்த வீடு, யார் வாரிசுன்னு கணக்கு தப்பாது. பிரிட்டிஷ் பிரபுக் குடும்பங்களுக்கும் அப்படி ஒரு கணக்கு உண்டு, அச்சடிச்ச புத்தகமா. டெப்ரெட்னு ஒண்ணு, பர்க்னு ஒண்ணு. டில்லன் சான்றிதழ் மாத்தினதும் டெப்ரெட் அவரை அண்ணனுக்கு அடுத்த ஆண் வாரிசுன்னு போட்டுடுச்சு. பர்க்ல பழைய பெண் பேர் அப்படியே கிடந்தது. ரெண்டும் ஒத்துப்போகலைன்னு யாரோ கவனிச்சுட்டாங்க.

அப்போ அவர் கப்பல் டாக்டர். 1958ல் கப்பல் அமெரிக்காவில் பால்டிமோர் துறைமுகத்துல நின்னப்போ பத்திரிகைக்காரங்க தேடி வந்துட்டாங்க. இத்தனை வருஷம் மூடி வச்சது ஒரே நாள்ல உலகத்துக்கே செய்தி. குரலும் தாடியும் தந்த ஹார்மோனால, ஒரு புத்தகத்தோட ஒரு வரியில இருந்து அவரைக் காப்பாத்த முடியலை.

டில்லன் இங்கிலாந்துக்குத் திரும்பலை. கல்கத்தாவுல கப்பலை விட்டு இறங்கினவர் கலிம்போங், சாரநாத்னு போய் பௌத்தத்துல சேர்ந்தார். ஜீவகர்னு பேர் வச்சுக்கிட்டார். நம்ம சீவக சிந்தாமணி சீவகன் இல்லை. இவர் புத்தருக்கு வைத்தியம் பார்த்த ஜீவகர். டாக்டருக்குப் பொருத்தமான பேர்தானே?

இளந்துறவி ஆனார். முழுத் துறவியாகணும்னு கேட்டப்போ பழைய கதை மறுபடி வந்து நின்னது. மூன்றாம் பாலினத்தவரைத் துறவியாகச் சேர்க்கக் கூடாதுன்னு பழைய விநய விதி ஒண்ணு. இவரோட கடந்த காலம் தெரிஞ்ச மூத்த துறவி ஒருத்தர் அதைக் காட்டித் தடுத்துட்டார். ஹார்மோன், அறுவை சிகிச்சை, சான்றிதழ், எல்லாம் கையில இருந்தும் கதவு திறக்கலை.

கடைசியில் சேர்த்துக்கிட்டது லடாக்கில் இருந்த ரிசோங் மடம். மொழி தெரியாது, குளிர் தாங்காது. ஆனாலும் மடத்துப் பையன்களோட கடைநிலை இளந்துறவியா சந்தோஷமா இருந்தார். லடாக்கில் தங்க அனுமதி நீடிக்கலை. கீழே இறங்கி வந்தவருக்கு உடம்பு முடியலை. 1962 மே 15 அன்னைக்கு, அப்போ பஞ்சாபில் இருந்த டல்ஹௌசியில் ஒரு ஆஸ்பத்திரியில் இறந்தார். வயசு 47. சாகிறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடிதான் தன் வரலாற்றை எழுதி முடிச்சு அனுப்பியிருந்தார். அது புத்தகமா வந்தது 2016ல், 54 வருஷம் கழிச்சு.

சரி, அவசியமா?

நண்பன் கேட்ட கேள்விக்கு வருவோம். டில்லனுக்கு ஹார்மோன் அவசியமா இருந்தது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனா அவர் வாழ்க்கையைப் படிச்ச பிறகு கேள்வியே மாறிடுச்சு. அவசியமான்னு பொதுவா கேட்க முடியாது. எதுக்கு அவசியம்னு கேட்கணும்.

டெஸ்டோஸ்டிரோன் குரலை உடைக்கும். மருந்தை நிறுத்தினாலும் பழைய குரல் திரும்பாது. தாடி, மீசை வரும்; அதுவும் பெரும்பாலும் நிலைச்சுடும். மாதவிடாய் பொதுவா நிக்கும். ஆனா அதைக் கருத்தடைன்னு நம்பக் கூடாது. தசையும் கொழுப்பும் இடம் மாறும். ஏற்கெனவே வளர்ந்த மார்பை அது எடுத்துடாது. ரத்த அணுக்கள் அளவுக்கு மேல கூடலாம்ங்கிறதால அப்பப்போ ரத்தப் பரிசோதனை வேணும். பின்னாடி பிள்ளை வேணுமாங்கிறதையும் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட பேசிடணும். அதனால மெடிக்கல் ஷாப்லயோ ஆன்லைன்லயோ தானா வாங்கிப் போடுற விஷயம் இல்லை இது. நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்கிட்ட போகணும்.

இதையெல்லாம் வரிசையா எழுதிப் பார்த்தப்போ ஒண்ணு தெரிஞ்சது. என் நண்பனை வாட்டுறது மார்பு. அவன் இழக்கப் பயப்படுறது குரல். டெஸ்டோஸ்டிரோன் முதல்ல சொன்னதைச் சரி பண்ணாது, ரெண்டாவது சொன்னதைக் கண்டிப்பா மாத்தும். மார்பு அறுவை சிகிச்சைக்கு முன்னாடி ஹார்மோன் எடுத்திருக்கணும்னு உலக அளவிலான மருத்துவ வழிகாட்டுதல்களும் கட்டாயப்படுத்தலை. ஹார்மோன் மட்டும், அறுவை மட்டும், ரெண்டும், ரெண்டும் வேண்டாம்னு நாலு வழியிலும் ஆட்கள் இருக்காங்க. டில்லன் காலத்துல இந்தப் பட்டியலைப் போட்டுக் காட்ட ஒரு டாக்டர் கிடையாது.

சட்டமும் அன்னைக்கு மாதிரி இல்லை. 2014 ஏப்ரல் 15 அன்னைக்கு நம்ம உச்ச நீதிமன்றம், ஒருத்தர் தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமையை ஏற்றது. அதுக்கு அறுவை சிகிச்சையைக் கேட்கக் கூடாதுன்னும் சொன்னது. உலக சுகாதார நிறுவனமும் 2019ல் ஏற்ற புதிய நோய்ப் பட்டியலில் இதை மனநோய்ப் பிரிவிலிருந்து எடுத்துடுச்சு.

ரிசல்ட் வந்த வாரம் நண்பனைப் பார்த்தப்போ இந்தக் கதையை முழுசாச் சொன்னேன். கராஜ் மேனேஜரைப் பத்தி மட்டும் ரெண்டாவது தடவை கேட்டான். ஹார்மோன் வேணுமா வேண்டாமான்னு அவன் இன்னும் முடிவு பண்ணலை. டாக்டர்கிட்ட போகணும்னு சொல்லியிருக்கான், கூட வரச் சொல்லியிருக்கான். அது அவன் எடுக்க வேண்டிய முடிவு, அவசரமும் இல்லை. ஆனா நாம எடுக்க வேண்டிய முடிவு ஒண்ணு இருக்கு. அதுக்கு ரத்தப் பரிசோதனை, சான்றிதழ், தாடி எதுவும் தேவையில்லை. நாளைக்கு மெஸ் வரிசையில அவனைப் பார்த்தா வாடான்னு கூப்பிட்டாப் போதும்.