இராமானுஜன் கண்ட பேரெண்

திருக்கோயில்கள் மலிந்த கும்பகோணத்தில், சார்ங்கபாணிப் பெருமான் சந்நிதித் தெருவில், வறிய வைணவ அந்தணர் குடியில் வளர்ந்தவர் கணித மேதை சீனிவாச இராமானுஜன். 1887 டிசம்பர் 22ஆம் நாள், தாயின் பெற்றோர் வாழ்ந்த ஈரோட்டில் பிறந்தார். நாமக்கல் நாமகிரித் தாயாரே அக்குடியின் வழிபடு தெய்வம். தம் கணித முடிபுகள் தாயாரின் திருவருளால் விளைந்தன என்பது அவர்தம் உறுதி.

கல்லூரியில் கணிதம் ஒன்றிலேயே உள்ளம் தோய்ந்தமையால் ஏனைப் பாடங்களில் தவறினார்; உதவித்தொகை நின்றது; பட்டம் கைகூடவில்லை. தாள் வாங்கப் பொருளின்றிக் கற்பலகையில் கணித்து, முடிபை மட்டும் ஏட்டில் குறித்தார். 1912இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் திங்கள் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு வரைந்த கடிதம் அவர் வாழ்வைத் திருப்பியது. 1914இல் கடல் கடந்தார்.

ஆங்கு அவர் ஆராய்ந்தவற்றுள் ஒன்று மிகு பகுஎண். தனக்குக் கீழுள்ள எண்கள் அனைத்தினும் மிகுதியான வகுத்திகளை உடையது அது. 12ஐ 1, 2, 3, 4, 6, 12 ஆகிய ஆறு எண்கள் மீதியின்றி வகுக்கும். 12க்குக் குறைந்த எவ்வெண்ணுக்கும் ஆறு வகுத்திகள் இல்லை. இவ்வகை எண்களை அவர் நெடிய அட்டவணையாக்கினார். அதன் இறுதியில் நிற்பது 6,74,632 கோடிக்கும் மேற்பட்ட பேரெண்: 6746328388800.

அதனைப் பகா எண்களாகப் பிரித்தால் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5உம் 7உம் இவ்விரு முறையும், 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறையும் வரும். பகா எண் வளருந்தோறும் முறை ஏறுவதில்லை. மிகு பகுஎண் யாவற்றுக்கும் இஃது இலக்கணம். ஒவ்வொரு முறையோடும் ஒன்று கூட்டிப் பெருக்கினால் வகுத்திகளின் தொகை கிட்டும். 7, 5, 3, 3 இவற்றின் பெருக்கம் 315. அதனை ஐந்து முறை இரட்டிக்க 10080. அத்துணை வகுத்திகள் அவ்வோர் எண்ணுக்கு!

இத்துணை நுண்ணிய அட்டவணையிலும் ஓரெண் விடுபட்டது. அது 293318625600. இறுதிப் பேரெண்ணை 23ஆல் வகுத்தால் வருவதும் அதுவே. பின்னோர் அதனைக் கண்டு சேர்த்தனர்.

இவ்வாராய்ச்சி 1915இல் இலண்டன் கணிதக் கழக வெளியீட்டில் வந்தது. அஃது உலகப்போர்க் காலம். கழகத்தின் பொருள் முட்டுப்பாட்டால் பிற்பகுதி அச்சேறவில்லை. அச்சான பகுதியே 1916இல், தாய்நாட்டில் கைகூடாத பட்டத்தைக் கேம்பிரிட்ஜில் ஈட்டித் தந்தது. 1918இல் இராயல் கழகம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது.

நோயுற்று 1919இல் தாயகம் மீண்டார். படுக்கையிலும் கணிதத்தை விடவில்லை. 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில், 32ஆம் அகவையில் மறைந்தார். அச்சேறாது நின்ற பிற்பகுதி, அவர் மறைந்து 77 ஆண்டுகள் கழிந்து, 1997இல் அவர் பெயர் தாங்கிய கணித இதழிலேயே வெளிவந்தது. திருவருட்கொடை என அவர் போற்றிய செல்வத்தில் அப்பகுதியும் வீண்போகாது உலகை அடைந்தது.